எம்.ஆர்.ஐ-ல ஒண்ணுமில்லைங்கறாங்க, ஸ்பேனர் பிடிக்க முடியலைங்க

கேள்வி (ஈரோடு மெக்கானிக்):
ஐப்பசி மழையில பட்டறை வாசல்ல வழுக்கி, வலது உள்ளங்கையை ஊணி விழுந்தேனுங்க. எக்ஸ்ரேயில முறிவு இல்ல. 3 வாரம் கிரேப் பேண்டேஜ் சுத்துனதுல வீக்கம் வத்திருச்சு. ஆனா ஆக்சில் நட்டை இறுக்குனா மணிக்கட்டு மேல்பக்கம், நட்டநடுவுல சுருக்குனு குத்துது. கையை ஊணி எந்திரிச்சா ‘டொக்’குங்குது. எம்.ஆர்.ஐ எடுத்தா, ஜவ்வு எதுவும் கிழியலைன்னு ரிப்போர்ட். அம்மா கட்டுப் போடற வைத்தியர்கிட்டப் போய் நீவிட்டு வாங்கறாங்க. போகலாமுங்களா?

பதில் (ஸ்கேன் ரூம்காரன்):
அண்ணே, நான் எம்.ஆர்.ஐ டெக்னீஷியன். நீங்க சொல்ற இடத்துல ஸ்கேபாய்டு, லூனேட்னு ரெண்டு எலும்பு இருக்கு. அதுங்களைக் கட்டி வச்சிருக்கற ஜவ்வு கெட்டியான இடத்துலயே 2, 3 மில்லிமீட்டர்தான். மணிக்கட்டுக்குன்னு இருக்கற சின்ன காயிலை (சிக்னல் பிடிக்கற கூடு) மாட்டாம, முட்டிக்குப் போடற காயிலுக்குள்ள கையை விட்டு எடுத்தா படம் மங்கித்தான் வரும். காந்தத்துக்கு நடுவுல கை வரணும்னு குப்புறப் படுக்க வச்சு, தலைக்கு மேல நீட்டச் சொல்லுவோம். 10 நிமிஷத்துல தோள் கடுக்கும், ஆளு லேசா அசைவாரு, படம் போச்சு. உங்களுக்கு எப்படி எடுத்தாங்க? காந்தத்தோட பலம் 1.5 டெஸ்லாவா, 3-ஆ?

இன்னொண்ணு, ஸ்கேன்ல கை சும்மா கிடக்குது. உங்களுக்கு வலிக்கறது இறுக்கும்போது. ரெண்டு கையையும் முஷ்டி மடக்கி எக்ஸ்ரே எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல 3 மில்லிமீட்டருக்கு மேல விலகினா ஜவ்வு கிழிஞ்சிருக்குமோன்னு சந்தேகப்படுவாங்க. நீவ மட்டும் போயிடாதீங்க!

பதில் (தையல்கார அக்கா):
எனக்கு நேர்மாறு தம்பி. சுண்டுவிரல் பக்கம் வலி, எம்.ஆர்.ஐ-ல அங்க இருக்கற குருத்தெலும்புல கிழிசல்னு வந்துச்சு. ஆபரேஷன்னு பயந்தே போனேன். டாக்டரம்மா கையை அமுக்கி, திருகிப் பார்த்துட்டு, 50 வயசுக்கு மேல வலியே இல்லாதவங்களுக்கும் இப்படித் தேஞ்சு ஓட்டை விழுந்திருக்கும்னாங்க. வலிச்சது பக்கத்துல சதையை எலும்போட இணைக்கற தசைநாணாம். மணிக்கட்டுக்குப் பட்டி போட்டு 6 வாரத்துல சரியாச்சு. ரிப்போர்ட்டைப் படிக்கறவங்க கையையும் தொட்டுப் பாக்கணும்.

மறுபடி மெக்கானிக்:
ஃபிலிம்ல 1.5-னு போட்டிருக்குதுங்க. குப்புறத்தான் படுக்க வச்சாங்க. நடுவுல மூக்கு அரிச்சு ரெண்டு வாட்டி அசைஞ்சேன், உண்மையைச் சொல்லிடறேன். முஷ்டி எக்ஸ்ரேயும் எடுத்தாச்சு. இடது 2, வலது 4 மில்லிமீட்டர். ஆர்த்தோ டாக்டரே கை சர்ஜன்கிட்டப் போகச் சொல்லிட்டாரு, மூட்டுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்தாத்தான் உறுதியாத் தெரியுமாம்.

ஸ்கேன் ரூம்காரன்:
ஆர்த்ரோஸ்கோப்பினு சொல்லுவாங்கண்ணே. மாசக்கணக்குல தள்ளாதீங்க, ஜவ்வு சுருங்கிட்டா தைக்கறது கஷ்டம். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில கைக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. எம்.ஆர்.ஐ சிடியையும் எடுத்துட்டுப் போங்க, ஃபிலிம் மட்டும் பத்தாது.

மெக்கானிக்:
சிடியை எங்க பையன் கண்ணாடி மாதிரி வச்சு விளையாடிட்டிருக்கான். கீறல் விழுந்தா மறுபடி போட்டுத் தருவாங்களாங்க?