சாதாரண முஸ்லிம்கள் ஷரீஅத் ஆட்சியைக் கேட்கிறார்களா?

நெடுஞ்சாலை:
"மதச் சட்டம் கேட்பது முல்லாக்கள்தான், சாதாரண முஸ்லிமுக்கு அது வேண்டாம்" என்று எங்கே போனாலும் ஒரு சமாதானம் சொல்கிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2013-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 39 நாடுகளில் சுமார் 38,000 முஸ்லிம்களிடம் கேட்டது. ஷரீஅத், அதாவது இஸ்லாமிய மதச் சட்டம், நாட்டின் சட்டமாக வேண்டும் என்றவர்கள் ஆப்கானிஸ்தானில் 99 சதவீதம், பாகிஸ்தானில் 84, இந்தோனேசியாவில் 72. இவ்வளவு பேருமா முல்லாக்கள்?

மாடப்புறா:
அதே அட்டவணையில் துருக்கி 12, அஜர்பைஜான் 8. அந்த வரிகள் கண்ணில் படவில்லையா?

நெடுஞ்சாலை:
பட்டது. துருக்கியில் மதச்சார்பற்ற ஆட்சியைக் கொண்டுவந்த அட்டாதுர்க், அஜர்பைஜானில் சோவியத் ஆட்சி. அரசே மதத்தை ஓரங்கட்டிய நாடுகள் அவை. அதைச் சராசரி என்று எடுக்க முடியாது.

பழைய பேனா:
எண்ணை விடுங்கள், பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1969 வரை அது தனி சமஸ்தானம். வாலி என்ற அதன் மன்னரின் ஆட்சியில் நிலத்தகராறு என்றால் வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும். பாகிஸ்தானோடு முழுசாக இணைந்த பிறகு வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. தாத்தா போட்ட வழக்குக்குப் பேரன் வாய்தாவுக்குப் போகும் கதை. 1990-களில் அங்கே ஷரீஅத் கோரிக்கை கிளம்பியபோது பலருக்கு அதன் அர்த்தம் 'சீக்கிரம் தீர்ப்பு' என்பதுதான். 2008 தேர்தலில் அதே மக்கள் மதச்சார்பற்ற அவாமி தேசியக் கட்சியை ஜெயிக்க வைத்தார்கள். 2009-ல் அரசு ஷரீஅத் நீதிமன்றங்களுக்கு ஒப்புக்கொண்டது. ஒரு பெண்ணைக் குப்புறப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு தாலிபான்கள் சாட்டையால் அடிக்கும் வீடியோ அந்த சமயத்தில்தான் டிவியில் வந்தது. நாடே கொதித்தது. கேட்டது ஒன்று, வந்து சேர்ந்தது இன்னொன்று.

நெடுஞ்சாலை:
இது பாதிக் கதை. பாகிஸ்தானில் ஷரீஅத் வேண்டும் என்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல், முறைகேடான உறவுக்குக் கல்லெறி தண்டனையையும் ஆதரித்திருக்கிறார்கள். அதுவும் அதே அறிக்கைதான். வாய்தா தொல்லைக்கும் கல்லெறிக்கும் என்ன சம்பந்தம்?

பழைய பேனா:
சரி, அது எனக்கும் உறுத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் வாக்குச்சீட்டு வேறு கதை சொல்கிறதே. பாகிஸ்தானில் மதக் கட்சிகள் எல்லாம் ஒன்று சேர்ந்து நின்ற 2002-லும் சுமார் 11 சதவீத வாக்குதான். இந்தோனேசியாவில் முஸ்லிம்கள் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற வாசகத்தை 1945-ல் அரசியல் சாசன முகவுரையிலிருந்து எடுத்தார்கள். 2002-ல் திரும்பச் சேர்க்கப் பார்த்தபோது நஹ்ததுல் உலமா, முஹம்மதியா என்ற இரண்டு பெரிய முஸ்லிம் அமைப்புகளே கைகொடுக்கவில்லை.

நெடுஞ்சாலை:
மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தை ஏன் சொல்லவில்லை? 1990-லிருந்து பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சிதான் ஆள்கிறது. ஷரீஅத் கொண்டுவருவோம் என்று வெளிப்படையாகச் சொல்கிற கட்சி. மக்கள் தெரிந்தேதான் ஓட்டுப் போடுகிறார்கள்.

நூர்:
நான் முஸ்லிம் பெண். என்னிடம் கேட்டிருந்தால் நானும் 'ஆம்' என்றுதான் சொல்லியிருப்பேன். அத்தா (அப்பா) மவுத்தானபோது, அதாவது இறந்தபோது, மார்க்கப்படி சொத்தில் எனக்கு வரவேண்டியது, மகனுக்குக் கிடைப்பதில் பாதி. ஐந்து வேளையும் தொழுகிற என் காக்காமார் (அண்ணன்மார்) அந்தப் பாதியைக்கூட மூன்று வருஷம் தரவில்லை. அப்போது எனக்கு ஷரீஅத் என்றால் அந்தப் பங்குதான், சாட்டை இல்லை. ஆனால் என் முக்காடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு போலீஸ்காரர் வந்து நின்றால் கதவைச் சாத்திவிடுவேன்.

நெடுஞ்சாலை:
சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் அந்த 'ஆம்' யார் கணக்கில் சேரும்? பங்கு தருகிறவர் கணக்கிலா, சாட்டை வைத்திருப்பவர் கணக்கிலா?

நூர்:
சாட்டைக்காரர் கணக்கில்தான் எழுதிக்கொள்வார்கள், எனக்கும் தெரியும். நீங்கள் சொன்ன அதே கிளந்தானில் ஷரீஅத் குற்றவியல் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டது யார்? ஒரு தாயும் மகளும், இரண்டு பேரும் முஸ்லிம்கள். 2024-ல் கூட்டரசு நீதிமன்றம் 16 பிரிவுகளை ரத்து செய்தது.

நெடுஞ்சாலை:
மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்றுதான் ரத்து செய்தார்கள். ஷரீஅத் தப்பு என்று தீர்ப்பில் இல்லை.

நூர்:
தப்பு என்று அந்தத் தாயும் மகளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லையே!