வேலை போனது, பிஎஃப் பணமும் சிக்கிவிட்டது: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை) இருந்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50% வரி போட்டபின் ஆர்டர் குறைந்து, செப்டம்பர் கடைசியில் எங்களை நிறுத்திவிட்டார்கள். வாடகைக்கும் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் பிஎஃப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஆகஸ்ட், செப்டம்பர் சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்திருக்கிறார்கள். பிஎஃப் பாஸ்புக்கிலோ ஜூலையோடு நிற்கிறது. விலகிய தேதியையும் நிறுவனம் பதியவில்லை. எச்ஆர் போனை எடுப்பதில்லை, மெயிலுக்கும் பதில் இல்லை. சரி, யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) தளத்தில் நானே பதியலாம் என்று பார்த்தால், நிறுவனம் கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்குள்தான் தேதி போட முடிகிறது. அதாவது ஜூலை. அப்புறமும் இரண்டு மாதம் உழைத்திருக்கிறேனே! ஆதார், பேன், வங்கிக் கணக்கு எல்லாம் சரியாக இணைந்திருக்கின்றன. பிஎஃப் குறைதீர் தளத்திலும் சம்பளச் சீட்டோடு புகார் போட்டாயிற்று, இன்னும் பதில் வரவில்லை.

ஜூலை என்றே பதிந்து இருக்கும் பணத்தை எடுத்துவிட்டால், அந்த இரண்டு மாதப் பிடித்தத்தைப் பிறகு கேட்டு வாங்க முடியுமா?