பெடர் ரோடு ஏற்றத்தில் 'அம்மா' என்று கத்திய நாள்

வருகிற ஜனவரியில் முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். 42.195 கிலோமீட்டர். போன ஜனவரியில் ஓடிய அரை மாரத்தானும் அன்றைக்கு வழியில் சந்தித்த ஒரு பெரியவரும் இல்லாவிட்டால் இந்தத் துணிச்சல் வந்திருக்காது. வந்திருந்தாலும் தப்பான வழியில்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன். மும்பையில் ஓடுகிற நம்ம ஆட்கள் உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 19, ஞாயிறு. டாடா மும்பை மாரத்தான். அரை மாரத்தான் மாகிம் ரேத்தி பந்தரிலிருந்து கிளம்பும். சயான் கோலிவாடாவிலிருந்து நாலு மணிக்கே டாக்ஸி பிடித்துப் போய்விட்டேன். என் கணக்கு 2 மணி 20 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 நொடி. பயிற்சியில் 16 கிலோமீட்டர் வரை அந்த வேகத்தில் ஓடியிருந்தேன். நம்பிக்கை இருந்தது.

கெடுத்தது பாந்திரா - ஒர்லி கடல் பாலம். மற்ற நாளில் அதில் நடக்க முடியாது, பைக்குக்கும் அனுமதி இல்லை. 2009-ல் திறந்ததிலிருந்து பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்த பாலம். இருட்டில் விளக்கெல்லாம் எரிய, இரண்டு பக்கமும் கடல், முகத்தில் ஈரக்காற்று, முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான கால்களின் சத்தம். உடம்பில் பாரமே தெரியவில்லை. கைக்கடிகாரம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 50 நொடி காட்டியது. குறைக்கத் தோன்றவில்லை. 'இன்றைக்கு நல்ல நாள்' என்று நினைத்துக்கொண்டேன். முதல் 10 கிலோமீட்டர் 59 நிமிடத்தில் முடிந்தது.

ஒர்லி கடற்கரையைத் தாண்டியதும் தொடை கனக்க ஆரம்பித்தது. ஹாஜி அலியில் மூச்சு வாங்கியது. பெடர் ரோடு ஏற்றத்தில் பாதி ஏறியிருப்பேன், இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொண்டது. என்னை அறியாமல் 'அம்மா' என்று கத்திவிட்டேன்.

"குரக்களியா தம்பி? உக்காராதீங்க. உக்காந்தா எந்திரிக்க முடியாது. இப்படி ஓரத்துக்கு வாங்க."

திரும்பினால் நரைத்த தலை, வெள்ளைத் தொப்பி, மெலிந்த உடம்பு. தோளைப் பிடித்து நடைபாதை ஓரத்துக்குக் கூட்டிப் போனார். கால் விரல்களை விளிம்பில் ஊன்றி, முட்டியை நிமிர்த்தி, குதிகாலை மெல்லக் கீழே இறக்கச் சொன்னார். உயிர் போகிற வலி. இருபது எண்ணச் சொன்னார், எண்ணினேன். மறுபடி இருபது. சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகுவது தெரிந்தது. அரைக்கால் சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உப்பும் சர்க்கரையும் கலந்து வைத்திருந்தார். என் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் கொடுத்தார்.

"நமக்கு எந்த ஊரு?"

"அப்பாவுக்கு சாத்தான்குளம். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கதான் அண்ணாச்சி."

"எனக்கு நாசரேத். பக்கத்து ஊரா போயிட்டோம்." கூடவே நடந்தார். "பாலத்துல உங்களைப் பார்த்தேன் தம்பி. எல்லாரையும் விலக்கிக்கிட்டுப் போனீங்க. யார்கிட்டயாவது பேசிக்கிட்டுப் போனீங்களா?"

"இல்லை."

"பேச முடிஞ்சிருக்காது. நான் பேசிக்கிட்டே வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஏற்றம் முழுக்க நடக்கச் சொல்லி, கெம்ப்ஸ் கார்னர் இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக ஓட வைத்து, சௌபாட்டி வந்ததும் "இனி நீங்க போயிடுவீங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேகத்தில் போய்விட்டார். வயது 63 என்று பிறகு தெரிந்தது. வழியில் அந்தத் தெருக்காரர்கள் ஆரஞ்சுச் சுளையும் பிஸ்கட்டும் நீட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆரஞ்சின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. 2 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். முதல் 10 கிலோமீட்டருக்கு 59 நிமிடம், அடுத்த 11 சொச்சத்துக்கு 102 நிமிடம். வீட்டுக்கு வந்து இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆரம்பத்தில் கிலோமீட்டருக்கு முக்கால் நிமிடம் மிச்சம் பிடித்தேன், பின்னால் இரண்டரை நிமிடமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு உப்பு குறைந்ததால்தான் கால் பிடித்தது என்று நண்பர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் பழகாத வேகத்தில் களைத்துப்போன சதைதான் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். பயிற்சியில் இதைவிட அதிகமாக வியர்த்த நாட்கள் உண்டு, ஒரு நாளும் கால் பிடித்ததில்லை.

2023 அக்டோபரில் சிகாகோவில் கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2 மணி 35 நொடியில் மாரத்தானை முடித்து உலக சாதனை செய்தார். அதில் முதல் பாதி 60 நிமிடம் 48 நொடி, இரண்டாம் பாதி 59 நிமிடம் 47 நொடி. அவரே முதல் பாதியில் கையிருப்பு வைத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் அண்ணாச்சியைத் தேடிப் பிடித்தேன். தினமும் அங்கேதான் ஓடுகிறாராம். அரை மாரத்தான் நேரத்தை இரண்டால் பெருக்கினால் முழு மாரத்தான் நேரம் வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-ல் கொடுத்த சூத்திரப்படி 2.085-ஆல் பெருக்க வேண்டும். அதுவும் அந்தத் தூரத்துக்கான பயிற்சி இருந்தால்தான். காரணம் இருக்கிறது. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து பெரும்பாலானவர்களுக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துவிடும். அரை மாரத்தானில் அந்த எல்லையைத் தொடுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. முழு ஓட்டத்திலோ, 2025 பாதைப்படி, திரும்பி வரும்போது அதே பெடர் ரோடு ஏற்றம் 30-க்கு மேல்தான் வந்தது.

ஜூனிலிருந்து வாரத்துக்கு நாலு நாள் ஓடுகிறேன். மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம், ஒரு நாள் மட்டும் வேகம். ஞாயிறு நீண்ட ஓட்டம் 14-ல் தொடங்கி இப்போது 28 வரை வந்திருக்கிறது, நாலு வாரத்துக்கு ஒரு தடவை தூரத்தைக் குறைத்துவிடுவேன். கிலோமீட்டருக்கு 7:45. முதல் மாதம் இந்த வேகம் பெரிய சோதனையாக இருந்தது. சிவாஜி பார்க்கில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போவார்கள், கால் துறுதுறுக்கும். அண்ணாச்சி வேண்டுமென்றே ஊர்க்கதை ஆரம்பிப்பார். பதில் சொல்ல முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

மழைக்காலம் தனிக்கதை. தேங்கின தண்ணீருக்குள் பள்ளம் தெரியாது, அதனால் ஜூலை முழுக்கத் தெரிந்த தெருவில் மட்டும்தான் ஓட்டம். நனைந்த ஷூவுக்குள் தமிழ்ப் பேப்பரைச் சுருட்டித் திணித்து ஃபேனுக்குக் கீழே வைப்பேன். இரண்டு மணி நேரத்தில் பேப்பர் ஊறிவிடும், எடுத்துவிட்டு வேறு திணிக்க வேண்டும். அக்டோபர் புழுக்கத்தில் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை! அதற்காக அத்தனையும் வெறும் தண்ணீராகக் குடிக்கக் கூடாது. அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும். தாகத்துக்கு ஏற்றபடி, கொஞ்சம் உப்போடு குடிக்கிறேன். 45 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரீச்சை, கூடவே கடலைமிட்டாய் ஒரு துண்டு. வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்பதைப் பயிற்சியிலேயே பார்த்துவிட வேண்டும்.

செம்பூர் அக்கா:

தம்பி, நானும் அன்றைக்கு அரை மாரத்தான்தான் ஓடினேன். என் கதை வேறு. நான் ஒழுங்காக, மெதுவாகத்தான் கிளம்பினேன். அப்படியும் 12 கிலோமீட்டரில் படபடப்பு, கண்ணில் பூச்சி பறந்தது. நடந்தே முடித்தேன். பயிற்சி போதவில்லை என்று நினைத்து அடுத்த மாதம் இன்னும் அதிகமாக ஓடினேன். இன்னும் மோசமானது. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது.

ஒரு நாள் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் அம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "பொண்ணே, ரத்தம் பாரு முதல்ல" என்றார். முன்பின் தெரியாதவர். பார்த்தேன், ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். டாக்டர் ஃபெரிட்டினும் பார்க்கச் சொன்னார், இரும்புச் சத்தின் சேமிப்பு காலி. மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை நான் காலையில் ஃபில்டர் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன்! இரண்டு மாதம் ஆகியும் பெரிதாக ஏறவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, காபியும் டீயும் இரும்புச் சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். இப்போது மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு சாப்பிட்டுவிட்டு, காபியை ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போட்டுவிட்டேன். செப்டம்பரில் 12.3.

பெண்கள் யாராவது இதைப் படித்தால், பயிற்சி தொடங்குவதற்கு முன்பே ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள். களைப்பு வந்தால் மனதிடம் போதாது என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். நான் நாலு மாதம் திட்டிக்கொண்டேன்.

தாராவி 90 அடி ரோடு:

அண்ணா, நான் ஓட்டத்துக்கு முந்தின நாள் வாங்கின புது ஷூவில் 21 கிலோமீட்டர் ஓடினேன். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து, குதிகாலில் கொப்புளம் உடைந்து, வீட்டுக்குள் நொண்டிக்கொண்டே போனேன். அப்பா முப்பது வருஷமாகத் தோல் வேலை. ஒன்றும் கேட்கவில்லை. என் காலைத் தன் மடியில் வைத்து, விரலால் நீளம் அளந்து பார்த்தார். அப்புறம் ஷூவைக் கையில் எடுத்து உள்ளே தடவினார். குதிகால் பக்கம் ஒரு தையல் தடித்து நின்றது. "இது உன் காலை அறுத்திருக்கு. கால் ஓட ஓட வீங்கும்டா, சாயங்காலம் போய் வாங்கணும், முன்னாடி கட்டைவிரல் அகலம் இடம் விடணும்" என்றார். அடுத்த ஷூ வாங்க அவரும் வந்தார். கடைக்காரர் சொன்னதைவிட அரை சைஸ் பெரிதாக எடுத்தோம். மூன்று மாதமாக அதில்தான் ஓடுகிறேன், நகம் புதிதாக வளர்ந்துவிட்டது.

நெரூல்:

நீண்ட ஓட்டத்துக்குத் துணை கிடைக்குமா? பாம் பீச் ரோட்டில் தனியாக 24 ஓடிவிட்டேன், அதற்கு மேல் தனியாக மனம் வர மாட்டேன் என்கிறது.

மறுபடி நான், சயான்:

அக்கா, உங்கள் பதிவை என் தங்கைக்கு அனுப்பிவிட்டேன். இந்த வாரம் ரத்தம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

தாராவி தம்பி, என் ஷூவையும் அப்பாவிடம் ஒரு தடவை காட்டணும், எப்போது வரலாம் சொல்லு.

நெரூல்காரரே, தாராளமாக வாங்க. வருகிற ஞாயிறு 30 கிலோமீட்டர், காலை நாலரைக்கு ஃபைவ் கார்டன்ஸில் கிளம்புகிறோம். சிவாஜி பார்க், ஒர்லி கடற்கரை, ஹாஜி அலி வழியாகப் போய் பெடர் ரோட்டை இரண்டு தடவை ஏறி இறங்கித் திரும்புவதாகத் திட்டம். அந்நேரத்துக்கு உங்கள் பக்கமிருந்து ரயில் தோதாக இல்லாவிட்டால் சனி ராத்திரியே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அண்ணாச்சி 20 வரை கூட வருவார். பேசிக்கொண்டே வருவார், நீங்களும் பதில் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.