பல மொழிகளிலும் சரியாக வரும் பெண் குழந்தைப் பெயர்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

லிம்மாத்கரை:
வீட்டில் தமிழ், வெளியே ஜெர்மன், மச்சாள் குடும்பம் பாரிஸில். முதலில் ஹேமா என்றுதான் யோசித்தோம். பிரெஞ்சில் 'ஹ' வராது; பிள்ளை பிறக்குமுன்னே மச்சாளின் பிள்ளைகள் 'எமா' ஆக்கிவிட்டார்கள். சரி என்று ஜனனி வைத்தோம். தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸ் கதவைத் திறந்து "யனானி!" என்றார். ஜெர்மனில் 'J' எழுத்து 'ய'தான், அவர் மேல் பிழையில்லை. நான் எழும்பிய பிறகும் அம்மா எழும்பவில்லை. "அது எங்கட பிள்ளை இல்லை" என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டா. அந்த முகத்தை மறக்க முடியவில்லை. அடுத்தவளுக்கு நிலா.

ஹூக்ளி மருமகன்:
மனைவி வங்காளி. அனன்யா என்று ஆசையாக எழுதிக் கொடுத்தேன். மாமியார் 'ஓனோன்னா' என்று வாசித்தார். அங்கே லட்சுமி 'லொக்கி'. வித்யா என்று வைக்கலாமா என்றால் 'பித்தா' என்பது போல வந்தது. என் அப்பா உடனே சுந்தரர் தேவாரத்தை எடுத்துவிட்டார். மீரா என்றதும்தான் இரண்டு பாட்டிகளும் ஒரே மாதிரி கூப்பிட்டார்கள். அதுவே முடிவாயிற்று.

ழகரம் முக்கியம்:
நிலா, மீரா, மாயா... எல்லோரும் ஒரே கைப்பிடிப் பெயர்களில் வந்து நிற்கிறோமே! லிம்மாத்கரை, ஜெர்மன்காரர்கள் ஜீன்ஸ், ஜாப் என்று சொல்கிறார்கள்தானே? ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் ஜனனியும் வரும். என் மகள் யாழினி. கொச்சியில் இருந்தவரை கவலையே இல்லை, ஆலப்புழை, கோழிக்கோடு என்று சொல்லிப் பழகிய ஊர். புனேயில் டீச்சர் 'யாஜினி' என்றார். மகள் வகுப்பிலேயே எழுந்து நாக்கை மடித்துக் காட்டியிருக்கிறாள். "மிஸ்ஸுக்கு வந்துடுச்சுப்பா" என்று ஓடிவந்தாள்.

பாஸ்போர்ட் அப்பா:
ஒலி மட்டும் போதாது, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஒற்றைப் பெயர்; பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அவள் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று வந்தது. முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. நான் வைத்த பெயர் எப்படித் தெரியாமல் போகும்? 2022 நவம்பரில் அமீரகமும் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்றது. பிறகு அப்பா பெயர் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அதனால் இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி எல்லாவற்றிலும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கட்டும். பெயரைச் சொல்லிக்காட்டாமல், ஆங்கில எழுத்தில் எழுதி அந்தந்த மொழிக்காரரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவசரமே வேண்டாம். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது.