குண்டளை ரயிலும் நம்ம கொட்டகுடியும்

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் மூணாறுக்குக் கிழக்கே மலை விளிம்பில் இருக்கிற டாப் ஸ்டேஷன் போட்டோக்கள் வந்தபோது, அங்கே எந்தக் காலத்தில் ஸ்டேஷன் இருந்தது, சும்மா வைத்த பேர்தானே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ரயில் நிஜமாகவே அங்கே வந்தது. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக மலை மேலேயே ஓடிய ரயில் அது. அதில் வந்த சரக்கெல்லாம் போடிக்கு மேலே மலையடிவாரத்தில் இருக்கிற நம்ம கொட்டகுடியில்தான் இறங்கியது. மூணாறு பற்றி எழுதுகிறவர்கள் ரயிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள், கீழே இருந்த நம்மை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் ஆதங்கம்.

பூஞ்சாறு ராஜாவிடமிருந்து மன்றோ துரை என்ற ஆங்கிலேயர் 1877-ல் குத்தகைக்கு எடுத்த மலை மூணாறு மலை. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது, தேயிலை பெருகியது. பெருகியதை வெளியே கொண்டுபோக வேண்டுமே! மேற்கே கொச்சிக்கு இன்றைக்கு இருக்கிற ரோடு அப்போது கிடையாது. கிழக்கே மலை செங்குத்தாக விழுந்தாலும், இறங்கிவிட்டால் போடி, அதற்கு அப்பால் சமவெளி, தூத்துக்குடித் துறைமுகம். அதனால் தேயிலை நம் பக்கம் திரும்பியது.

1902-ல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். ரோட்டோரத்தில் ஒரே ஒரு தண்டவாளம், அதன் மேல் வண்டியின் சின்னச் சக்கரங்கள், பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் ரோட்டிலேயே உருண்டு வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும். பாரத்தில் பெரும்பகுதியைத் தண்டவாளம் தாங்கிவிடுவதால் இழுக்க மாடு போதும். மாடு இழுத்த மோனோ ரயில்! இந்தியாவின் முதல் மோனோ ரயில் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடியது 1907-ல்தான் வந்தது. அந்த பாட்டியாலா வண்டி டெல்லி ரயில் மியூசியத்தில் இருக்கிறது, டெல்லியில் இருக்கிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், நம்ம மலையில் ஓடியது எப்படி இருந்திருக்கும் என்று உடனே புரியும். சரக்கு கூடவும் 1908-ல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகல இரட்டைத் தண்டவாளம் போட்டு, சின்ன நீராவி எஞ்சின் விட்டார்கள்.

சரி, டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில். அதற்கு மேல் ரயில் எப்படி இறங்கும்? அங்கிருந்து கொட்டகுடிக்கு சுமார் 5 கிலோமீட்டர் ரோப்வே. தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு கீழே வரும், எஸ்டேட்டுக்கு வேண்டிய அரிசியும் சாமானும் மேலே போகும். குரங்கணி வழியாக மலை ஏறியவர்களுக்கு நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஓர் இடம் வருமே, அந்தப் பேரும் அந்தக் காலத்து மிச்சம்தான். கொட்டகுடியிலிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர் மாட்டு வண்டி. போடிக்கு அப்போது ரயில் இல்லை, அதனால் வண்டிகள் அம்மையநாயக்கனூர் வரை, அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் வரை போக வேண்டியிருந்தது. லண்டனில் குடித்த டீயில் நம்ம ஊர் வண்டிக்காரர்கள் உழைப்பும் இருந்தது. மேலே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர்களிலும் பலர் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போன நம் ஜில்லாக்காரர்களே.

1924 ஜூலையில் எல்லாம் போயிற்று. மலையாள ஆண்டு 1099 என்பதால் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். வாரக்கணக்கில் விடாத மழை. மாட்டுப்பட்டிப் பக்கம் மண்ணும் மரமும் அடைத்துத் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு மூணாறுக்குள் பாய்ந்ததாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தண்டவாளம், பாலம் எதுவும் தப்பவில்லை. ரயிலை மறுபடி கட்டவேயில்லை.

எனக்குத் தாங்காதது அப்புறம் நடந்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் 1928-ல் வந்தது, மேலே இருந்த ரயில் போய் நாலு வருஷம் கழித்து! இரண்டும் ஒரே காலத்தில் இருந்திருந்தால் கொட்டகுடி இன்றைக்கு வேறு ஊராக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1931-ல் ஆலுவாவிலிருந்து மூணாறுக்குப் புது ரோடு திறந்தார்கள், தேயிலை மெல்ல மெல்லக் கொச்சிப் பக்கம் போய்விட்டது.

மூணாறு போகிறவர்கள் கவனியுங்கள்: கண்ணன் தேவன் கம்பெனியின் ஆபீஸ் கட்டடம் அந்தக் காலத்து ஸ்டேஷன். நல்லதண்ணி எஸ்டேட் டீ மியூசியத்தில் அந்த எஞ்சினின் சக்கரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த ரயிலைத் திரும்பவும் ஓட்டலாமா என்று கேரளாவில் அவ்வப்போது பேச்சு எழுகிறது. அப்படி ஒன்று நடந்தால் கொட்டகுடி பேரும் அதில் இருக்க வேண்டும், டாப் ஸ்டேஷனே நம்ம கொட்டகுடி பஞ்சாயத்துதானே.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர்கள் இருந்தால், அவர்களுடைய அப்பாவோ தாத்தாவோ ரோப்வேயிலோ வண்டியிலோ வேலை பார்த்தார்களா என்று இந்த வாரமே போன் போட்டுக் கேளுங்கள். சொல்வதை அப்படியே போனில் பதிவு செய்து அனுப்புங்கள். பழைய போட்டோ, ரசீது, எதுவானாலும் அனுப்புங்கள், சேர்த்துத் தொகுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.