ஐம்பது கிலோ

கமுதிப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய் நிறைந்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற இடத்தில் அம்மாவுக்குக் கூலி வேலை. 1982-இல் சத்துணவு வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு. விடுமுறை என்றால் மற்றப் பிள்ளைகள் குதிப்பார்கள். எனக்கு வயிறு கலங்கும்.

1995-இல் திருச்சியில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு மைல் ஓட்டத்தில் முதல் ஐந்து பேருக்குள் வந்தேன். எடை 47 கிலோ. வேண்டியது 50. அத்தோடு அனுப்பிவிட்டார்கள். மதுரையில் ஓர் ஓட்டலில் மேசை துடைக்கச் சேர்ந்தேன். சம்பளத்துக்காக அல்ல, மூன்று வேளைச் சாப்பாட்டுக்காக. விடியற்காலை நான்கு மணிக்கு வைகைக் கரையில் ஓடுவேன். மறு ஆண்டு, எடை பார்க்கும் முன் ஒரு சீப்பு வாழைப்பழத்தை விழுங்கிவிட்டுப் போய் நின்றேன். ஐம்பதைத் தொட்டுவிட்டது.

குன்னூரை அடுத்த வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி. குளிரும் ஓட்டமும் என்னை வாட்டவில்லை. லங்கரில், அதாவது ராணுவச் சமையற்கூடத்தில், தட்டு நிறையப் போட்டதுதான் நம்ப முடியாததாக இருந்தது. தினமும் காலையில் நான்கு பூரியைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் ஒளித்து வைப்பேன். ஒரு நாள் சோதனையின்போது எறும்பு வரிசை காட்டிக்கொடுத்துவிட்டது.

எங்கள் பயிற்சியாளரை உஸ்தாத் என்போம். எங்களை மைதானம் முழுக்க உருள வைப்பவர். அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. லங்கரின் பின்கட்டுக்கு அழைத்துப் போய் அரிசி, கோதுமை மூட்டைகளைக் காட்டினார். "எண்ணு" என்றார். எண்ணினேன். முப்பத்தெட்டு. "இது நாளைக்கு, அது நாளை மறுநாளைக்கு. உன் பங்கை யாரும் எடுக்க மாட்டார்கள்" என்றார். அன்று இரவு போர்வைக்குள் அழுதேன். அதன்பின் பெட்டியில் பூரி இல்லை.

17 ஆண்டுகள் முடித்து, 2013-இல் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினேன். இப்போது கண்மாய்க் கரையில் பையன்களை ஓட வைக்கிறேன். 2022-இல் அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தபின் இவர்களுக்கு நான்கு ஆண்டுப் பணிதான். நூற்றுக்கு 25 பேர் வரைதான் அதற்கு மேலும் தொடரலாம். எனக்குக் கிடைத்த நிம்மதி இவர்களுக்கு உறுதியில்லை என்பது நெஞ்சை அறுக்கிறது. ஆனாலும் வருகிறார்கள்.

திண்ணையில் ஓர் எடை மெஷின் வைத்திருக்கிறேன். நேற்று ஒருவன் ஏறி நின்றான். 46. நான் எதுவும் சொல்வதற்குள் என் மனைவி அவனுக்கு இலை போட்டுவிட்டாள்.