எலுமிச்சைக் கொழுந்தில் வெள்ளிக் கோடுகள்: அடிமண்ணைக் கொத்திவிட வேண்டுமா?

கேள்வி (தொண்டி):
கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் கொல்லையில், என் தாயார் நட்ட மூன்று வயது எலுமிச்சை மரம் நிற்கிறது. ஐப்பசி மழைக்குப் பின் வந்த கொழுந்துகளில் எல்லாம், நத்தை ஊர்ந்தது போல் வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன, இலைகளும் சுருண்டுவிட்டன. உப்புக் காற்றுதான் காரணம் என்கிறார்கள் வீட்டில். குளிர்நாட்டுப் பிர்ச் மரத்தின் இலையைக் குடையும் அந்துப்பூச்சியைப் பற்றிப் படித்தபோது, அதன் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும் என்றிருந்தது. இதுவும் அப்படித்தான் என்றால், அடிமண்ணைக் கொத்திவிடலாமா?

பதில் (கீழக்கரை):
உப்புக் காற்று பட்டால் இலையின் நுனியும் ஓரமும் கருகுமே தவிர, நடுவில் கோடு விழாது. ஒரு கொழுந்தைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. கோட்டின் அகன்ற முனையில் எள்ளளவே உள்ள இளமஞ்சள் புழு ஒன்று தோலுக்குள் நெளிகிறது. அது வந்த வழி நெடுகிலும் மயிரிழை போல் கறுப்பு எச்சம். சில இலைகளின் ஓரம் மடிந்து ஒட்டியிருக்க, பிரித்தால் உள்ளே பழுப்பு நிறக் கூடு இருக்கிறது.

பதில் (உச்சிப்புளி):
ஐயமே வேண்டாம், இது எலுமிச்சை இலைத் துளைப்பான். 1856ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கிடைத்ததைக் கொண்டு பெயரிடப்பட்ட பூச்சி. பிர்ச் மரத்து எரியோக்ரேனியா புழு மண்ணுக்குள் இறங்குவது உண்மையே. ஆனால் நீங்கள் பிரித்துப் பார்த்த அந்த மடிப்பே இதன் கூடு என்பதால், மண்ணைக் கொத்துவதால் பயனில்லை. எலுமிச்சையின் மேல்வேர்கள்தாம் அறுபடும். தாய்ப்பூச்சி இரவில் இளந்தளிரில் மட்டுமே முட்டையிடுகிறது, முற்றிய இலையை நாடுவதில்லை. ஆகவே இப்போது கவாத்து செய்யாதீர்கள். வெட்டினால் மேலும் தளிர் வரும், அதற்கும் பூச்சி வரும். யூரியாவையும் நிறுத்திவையுங்கள். தோலுக்குள் இருக்கும் புழுவை மருந்து எளிதில் எட்டாது என்பதால், அடுத்த தளிர் விரல்நகம் அளவுக்கு வரும்போதே, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புடன் கலந்து மாலையில் தெளித்து, பத்து நாளில் மீண்டும் தெளியுங்கள். கடும் பூச்சிமருந்து அடித்தால், இந்தப் புழுவைத் தின்று வளரும் சிறு குளவிகளும் மடிந்துவிடும். கோடு விழுந்த இலையில் சொறிநோய் எளிதில் தொற்றும் என்பதால், தடித்த பழுப்புப் புள்ளிகள் தென்படுகின்றனவா என்று மட்டும் கவனித்து வாருங்கள்.

கேட்டவர்:
மண்வெட்டியை எடுத்து வைத்துவிட்டேன், ஐயா. கீழ்க்கிளை ஒன்றில் இன்று காலை புதுத்துளிர் கண்டேன், மாலையே தெளித்துவிடுகிறேன்.